தலைப்பக்க முள்

நாலு நாளாகப் பேச்சில்லை.
ஒரு ரீசார்ஜில் தொடங்கிய சண்டை
அவர் தங்கச்சி வீட்டு ஞானஸ்நானச் சாப்பாட்டில் போய் முட்டி
அங்கேயே நங்கூரம் போட்டுக் கிடக்கிறது.

ஆனாலும் முள் கட்டணும்.
விடியக்காலம் மூணு மணிக்கு வள்ளம் இறங்கும்.
கச்சான் ஓய்ந்து
கூடுதாழைக் கடல் இப்போதுதான் வழி விட்டிருக்கிறது.

மேசையில் ஈய மீன்.
திசையன்விளை பஞ்சர்க் கடையில்
சக்கரத்துக்கு ஒட்டுகிற ஈயத்தைக் கேட்டு வாங்கி
நானே உருக்கி வார்த்தது.
நூற்றிருபது கிராம்.
கண் மட்டும் என் நகப்பூச்சு.

திங்கள்கிழமை முள்ளைத் தலைப்பக்கம் கட்டிவைத்தேன்.
லிகோரி அதைக் கழற்றிப் போட்டுவிட்டு
வால் வளையத்தில் மும்முள்ளை மாட்டிக் கொண்டுபோனார்.
வந்து ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியை எண்ணினேன்,
ஒன்று குறைந்தது.

செவ்வாய், மறுபடி தலையில் கட்டினேன்.
மறுபடி வாலுக்குப் போனது.
இரண்டு குறைந்தது.

வாய் இருந்தால் சொல்லியிருப்பேன்:
ஈயம் இறங்கும்போது வால்தான் முதலில் தரை தொடும்,
வாலில் முள் வைத்தால்
பாரைக்குப் போட்டது பாறையைப் பிடிக்கும்.
துரத்தி வருகிற மீன் வாலைப் பார்ப்பதில்லை,
கண்ணைப் பார்த்துத்தான் கடிக்கும்,
என்னை மாதிரி.

பேச்சில்லையே.
அதனால் கட்டுகிறேன்.

ஒரு சாண் நூல்.
மடித்து, இரும்பு வளையத்துக்குள் விட்டு, சுருக்கி இழுத்து
இரண்டு நுனியையும் முள்ளின் தண்டில் படுக்கவைத்து
மேலே சுற்று.
இருபது சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல்.
கடைசியில் ஒரு சொட்டு பெவிக்விக்.
முள்ளின் வாய் ஈயத்தின் உடம்பைவிட அகலமாக இருக்கணும்,
இல்லாவிட்டால் அதையே கட்டிக்கொண்டு தூங்கும்.
நூல் நீண்டாலும் ஆகாது.
முள் நடுவயிற்றைத் தாண்டித் தொங்கினால்
வாலைப் போய்க் கவ்விக்கொண்டு
தன்னைத்தானே பிடித்த மீனாக மேலே வரும்.
அதையும் பார்த்திருக்கிறேன்,
கடலில் இல்லை.

பிளவு வளையத்தைத் திறக்கப்போய்
கட்டைவிரல் நகம் பாதியில் ஒடிந்தது.
குறடு அவர் தலைமாட்டில்.
எழுப்பிக் கேட்கவில்லை.
தேக்கரண்டிக் காம்பை நுழைத்துத் திறந்தேன்.

புதன் ராத்திரி ஒரு காரியம் செய்தேன்.
மும்முள் அத்தனையையும் ஒரு டப்பாவில் போட்டு
கடுகுக்குப் பின்னால் வைத்தேன்.
சரியில்லைதான்.
தெரிந்துதான் செய்தேன்.

மூணு மணிக்குப் பெட்டியைக் கிளறுகிற சத்தம்.
கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன்.
கிளறல் நின்றது.
கதவு கொஞ்சம் பலமாகவே சாத்தியது.

வியாழன் மத்தியானம்
மேசையில் என் ஈயத்தை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.
கழுத்தில் குறுக்கே பல் பதிந்த வரி.
நகப்பூச்சுக் கண்ணைக் காணோம்.
இரண்டு முள்ளில் ஒன்று
ஆணி மாதிரி நிமிர்ந்துவிட்டது.
இன்னொன்றில் உதட்டுத் தோல், ஒரு விரல்நகம் அளவு.

கூடையில் மீன் இல்லை.
பெர்க்மான்ஸ்தான் வாசலில் நின்று சொன்னான்:
"வள்ளத்தையே இழுத்துட்டுப் போச்சு மைனி.
அண்ணன் அழுவாத குறை."

விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
இருபது சுற்றும் அப்படியே.
ஒரு பிசிறு விடவில்லை.
தோற்றது இரும்பு.

சோற்றில் கை வைத்தபடி
தட்டைப் பார்த்துச் சொன்னார்:
"இந்த முள்ளு பத்தாது. தடிச்சதா வாங்கணும்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் குடித்தார்.
"மும்முள்ள எங்க வச்சிருக்க?"

"கடுகுக்குப் பின்னால."

எடுக்கப் போகவில்லை.
குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார்.