தகரத்தின் வயிறு

மிஷன் பள்ளியில் நாலு வருடம் படித்த எழுத்து
எனக்கு மாதம் பதினாறு ஷில்லிங் தந்தது.
கியாம்புச் சரிவில், ஹால்டேன் துரையின் காப்பித் தோட்டத்தில்,
அளவுக் கொட்டகை வாசலில் என் மேசை.
பெயர், எத்தனை தகரம், தகரத்துக்கு எத்தனை சதம்.
பேரேட்டில் மூன்றே கட்டங்கள்.
நாலாவது கட்டம் இல்லாதது
எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

மண்ணெண்ணெய் வந்த காலித் தகரம்தான் அளவு.
ஒரு ராத்திரி கங்காணி கிபாத்தி
உருண்டைக் கல்லால் அதை உள்ளிருந்து அடித்தான்.
டொம். டொம்.
அடித்தகடு பிள்ளைத்தாச்சி வயிறாய்ப் புடைத்தது.
மணலில் குழி பறித்து
வயிறு தெரியாமல் உட்காரவைத்தான்.
விளக்குப் பிடித்தவன் நான்.

வமைதாவுக்குக் கணக்கு வராது என்று நினைத்திருந்தேன்.
புருஷன் மொம்பாசா துறைமுகத்துக்குப் போய்
இரண்டு மழை ஆயிற்று.
குடிசைக்கு வரி பன்னிரண்டு ஷில்லிங்.
தகரத்துக்குப் பத்து சதம்.
நூற்றிருபது தகரம் பறித்தால்
கூரை இந்த வருடம் அவளுடையது.

அவள் எண்ணியது கூடைகளை.
போன பருவத்தில் மூன்று கூடை ஒரு தகரம்.
இப்போது மூன்று கொட்டியும்
விளிம்புக்கு மூன்று விரல் குறைகிறது.
"என் கூடை சுருங்கிப்போச்சா, எழுத்தரே?"
சிரிக்காமல் கேட்டாள்.
நான் மைக்கூட்டைப் பார்த்தேன்.

மறுநாள் முகம் கழுவப் போனால்
அளவுத் தகரம் ஆற்றங்கரையில்.
பக்கத்தில் யாரோ வீட்டுத் தண்ணீர்த் தகரம், அடி தட்டையானது.
வமைதாவும் வரிகியாவும் இன்னும் ஆறேழு பெண்களும்
சுரைக்குடுவையால் மொண்டு ஊற்றுகிறார்கள்.
ஒன்றில் இருபத்து நாலு குடுவை.
ஒன்றில் இருபத்தெட்டு.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

அன்றும் வழக்கம்போல் பறித்தார்கள்.
சாயங்காலம் கொட்டகைக்கு வந்து,
கொட்டாமல்,
கூடைகளைத் துணியால் மூடி உட்கார்ந்துகொண்டார்கள்.

காப்பிப் பழம் காத்திருக்கத் தெரியாத பண்டம்.
பறித்த அன்றே தோலுரிக்காவிட்டால் புளிக்கும்.
புளித்தது லண்டனில் விலைபோகாது.
துரைக்கு இது தெரியும்.
தங்களுக்கும் தெரியும் என்று
அவர்கள் காட்டிக்கொள்ளவே இல்லை.
ஒருத்தி மகளுக்குப் பேன் பார்த்தாள்.
ஒருத்தி குறட்டையே விட்டாள்.

வெயில் இறங்க இறங்க
கூடைகளிலிருந்து லேசாய்க் கள் வாசம்.

துரை வந்தார். கத்தினார். போனார்.
விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி வந்தார்,
கையில் தட்டை அடித் தகரத்துடன்.

அடுத்த மாதம் தகரத்துக்கு ஒன்பது சதம் என்றார்கள்.
அதையும் எழுதியவன் நான்தான்.

வமைதா மேசைமேல் குனிந்து
தன் பெயர் எது என்று கேட்டாள்.
காட்டினேன்.
பழச்சாறு காயாத விரலை அதில் வைத்து
வரி நெடுக மெல்ல இழுத்தாள்,
கடைசிக் கட்டம் வரை.

மை கலங்கிவிட்டது.
ஒன்பதா பத்தா, எனக்கே தெரியவில்லை.

சம்பள நாளில்
பத்து என்று வாசித்தேன்.