நிறுத்திவைத்த கார்

மணிக்கு இருநூற்றுப் பத்தில்
ஏழாம் வளைவை அது எடுக்கிற அழகை
யாரும் குறை சொன்னதில்லை.
பின்பக்கம் லேசாக விலகும்,
ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தால் அடங்கும்,
உள்சக்கரம் ஓரக்கல்லில் ஏறும்போது
உள்ளங்கையில் ஒரு குருவி துடித்த மாதிரி இருக்கும்.
அந்தத் துடிப்புக்கு மட்டும் எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

புகார் வேறு:
நிறுத்தினால் நடுங்குகிறது.

கீழே ஒரு சிறிய எண்ணைச் சேர்த்து
நடுக்கத்தை அடக்கினேன்.
மறுநாள் சம்ப்ஸா கூப்பிட்டான்.
மேட்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து,
காபி ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.
திரையில் ஒன்றும் நடக்கவில்லை.
"கம்பத்தைப் பார்."
விளக்குக் கம்பம் கதவுக்கு நேராக இருந்தது.
இரண்டாவது காபி முடிகையில்
முன்சக்கரத்துக்கு நேராக இருந்தது.

அன்றிரவு விளையாட்டை அணைக்காமல் போனேன்.
காலையில் கார் இல்லை.
பதிவைப் பின்னோட்டிப் பார்த்தால்
இரவெல்லாம்
நத்தைகூடப் பொறுமை இழக்கும் வேகத்தில்
மேட்டைவிட்டு இறங்கியிருக்கிறது.
வேலியில் நாங்கள் மூட மறந்த இடுக்கில் நுழைந்து
நிலத்தை வரைந்து நிறுத்திய விளிம்பில்
அரை மணி தயங்கி
விழுந்திருக்கிறது.
இன்னும் விழுந்துகொண்டிருந்தது.
நிலத்துக்கு அடியில் காற்று போட யாருக்கும் தோன்றவில்லை;
மூன்று மணி நேரத்தில்
நிலா இருக்கும் தொலைவையும் தாண்டி
முகப்பு விளக்குகள் எரிய எரிய.

எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவு பிடிக்கும் டயர்,
ஓர் எல்லைவரை.
வழுக்கலை வேகத்தால் வகுக்க வேண்டும்.
வேகம் பூஜ்யமானால்?
கணக்கு மிரண்டுபோய்
முன்னால் பிடி, பின்னால் பிடி என்று
நொடிக்கு முந்நூறு தடவை தன்னையே உதைத்துக்கொள்கிறது.
இரக்கப்பட்டு அந்தச் சிறிய எண்ணைக் கொடுத்தால்
நடுக்கம் நின்று ஊர்தல் தொடங்குகிறது.
பாய்வதற்குச் சமன்பாடு இருக்கிறது,
வளைவதற்கு, கவிழ்வதற்கு,
தீப்பற்றுவதற்குக்கூட.

"நடுக்கத்தையே விட்டுவிடேன், உறுமலோடு பொருந்தும்"
என்றாள் சத்தங்களைப் பார்க்கும் ஐனிக்கி.
இன்ஜின் அணைந்திருக்கிறதே என்றேன்.
"அப்படியானால் குளிர்கிறது என்று வைத்துக்கொள்."

தம்பரேயில் அன்று மைனஸ் பத்தொன்பது.
பிஸ்பாலா மேட்டில் என் பதினான்கு வயது டொயோட்டா.
கைப்பிரேக் போட்டால் கம்பி உறைந்துவிடும்,
அதனால் கியரில் விட்டு
முன்சக்கரத்தை ஓரத்துப் பனிக்குவியலுக்குத் திருப்பி
இறங்கினேன்.
இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை.
பின்சக்கரத்துக்கு நேராகக்
குதிகாலால் பனியில் ஒரு கோடு கிழித்துவிட்டு
நின்றேன்.

நாயோடு வந்த ஹில்க்கா
சாவி தொலைந்துவிட்டதா என்றாள்.
"இல்லை. நிற்கிறதா என்று பார்க்கிறேன்."
அவள் ஏன் என்று கேட்கவில்லை.
பக்கத்தில் நின்று அவளும் பார்த்தாள்.
நாய் உட்கார்ந்தது.
கீழே ஏரியில் பனிக்கட்டி ஒருமுறை முனகியது.
வெகுநேரம் கழித்து
"நிற்கிறது" என்றாள்.
போய்விட்டாள்.

மறுநாள் ஒரு பொய் எழுதினேன்.
நடக்கும் வேகத்துக்கும் கீழே போனால்
சூத்திரத்தைத் தூங்கவிடு.
டயர் கடைசியாகத் தொட்ட புள்ளியை நினைவில் வை.
கண்ணுக்குத் தெரியாத ஒரு சுருள்வில்லால்
அங்கேயே கட்டிப்போடு.
பக்கத்தில் எனக்கு நானே ஒரு குறிப்பு:
இது இயற்பியல் அல்ல. ஹில்க்கா பார்த்தாள்.

சம்ப்ஸா மூன்று காபி குடித்தான்.
கம்பம் கதவைவிட்டு அசையவில்லை.
தலையாட்டிவிட்டு ஓட்டப் போனான்,
ஐந்தாம் வளைவு, ஆறு,
ஏழில் புருவத்தைச் சுருக்கினான்.

"என்னமோ ஒட்டுகிற மாதிரி இருக்கிறது" என்றான்.
"இங்கே, இந்தக் குருவி இருந்த இடத்தில்."