தட்டின் ஓரம்

குத்தாயிசிச் சந்தையில்
கொத்தமல்லி என்று நான் வாய் திறந்து கேட்டதில்லை.
கத்தரிக்காயை நிறுக்கும்போதே
நாத்தேலா இரண்டு கட்டு எடுத்துப் பைக்குள் செருகிவிடுவாள்.
அவளுக்குத் தெரியும்:
சிவப்பு பீன்ஸுக்கு, அக்ரூட் விழுதுக்கு,
புளிப்பு பிளம் சாறுக்கு.
எங்கள் பக்கத்துப் பெண்களின் விரல்
பச்சையாகத்தான் மணக்கும்.

என்னைக் கட்டிக்கொண்ட பத்ரிக்கு மட்டும்
அது ஆகாது.

மணமான முதல் மாதம் சொன்னார்,
"சோப்பு மாதிரி இருக்கிறது, லமாரா."
நான் சிரித்தேன்.
அவர் தம்பி ஓத்தியா சிரித்தான்.
மேசையைச் சுற்றியிருந்த பன்னிரண்டு பேரும் சிரித்து
அதற்கென்றே ஒரு கோப்பை ஒயினை உயர்த்தினார்கள்.
பிறகு அவர் சொல்லவே இல்லை.

ஒதுக்குவார்.
முள்கரண்டியின் ஒரே பல்லால்,
மீனில் முள் எடுக்கிற பொறுமையோடு,
இலை இலையாக.
சாப்பிட்டு எழுந்த பின்
தட்டின் ஓரத்தில் ஒரு பச்சைப் பிறை.
பதினொரு வருடம்
அந்தப் பிறையை நான்தான் கழுவினேன்.
கழுவும்போதெல்லாம் நினைத்தேன்:
இது இலை இல்லை,
என் கைப்பக்குவம்.

கோபத்தில் ஒருமுறை அரைத்து மறைத்தேன்.
ஒரு வாய்தான். கரண்டியை வைத்துவிட்டார்.
ரொட்டியும் உப்பும் தின்று
பேசாமல் போய்ப் படுத்தார்.
அன்றிரவு ஆற்றுச் சத்தத்தை
விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தது நான்.

நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் என்கிறோம்.
எதையும் தின்னும் என்று
யாரும் சொல்லவில்லையே.

கீழ்வீட்டு வாஷா,
மின்சாரம் இல்லாத அந்தக் குளிர்காலத்தில்
நாலு மாதம் மக்காச்சோளக் கூழே தின்றவன்.
இப்போது அது கொதிக்கிற வாசனை வந்தாலே
கதவைச் சாத்துகிறான்.
அதே கூழை அதே சட்டியில் தின்ற அவன் தங்கை
வாரம் இருமுறை கிண்டுகிறாள் இன்றும்.
"அப்போது எல்லோரும் ஒரே அறையில் இருந்தோம்"
என்கிறாள், வேறு விளக்கம் கிடையாது.

என் அக்கா சியாலா
வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களில்
பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டியைத் திருடித் தின்றாள்.
பிள்ளை பிறந்த மறுவாரம்
வாயில் வைத்துக் காறித் துப்பினாள்.
அதே வாய்.

எலிசோவுக்கு மூன்று வயது.
அதுவரை அவளுக்குத் தனியாக மசித்துத்தான் தந்தேன்.
போன செவ்வாய் முதல்முறையாக
எங்கள் சட்டியிலிருந்து அவள் தட்டுக்கு.
ஒரு கவளம்.
முகம் பிழிந்த துணியாகச் சுருங்கியது.
நாக்கை நீட்டி
இரண்டு கையாலும் வழித்தெடுத்து,
"சோப்பு" என்றாள்.

யாரும் சொல்லித் தரவில்லை.
அந்தச் சொல் இந்த வீட்டில்
பதினொரு வருடமாகப் புழக்கத்தில் இல்லை,
குளியலறை தவிர.

பத்ரி என் பக்கம் திரும்பவில்லை.
வென்றவர் முகமாகவும் இல்லை அது.
அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து,
முள்கரண்டியின் ஒரே பல்லால்
ஒதுக்கத் தொடங்கினார்.
இம்முறை வேகமாக,
குழந்தை பசியோடு காத்திருக்கிறாள் என்பதால்.

இப்போது ஒரே அடுப்பில் இரண்டு சட்டி.
ஓத்தியா கேலி செய்கிறான். செய்யட்டும்.

சில காலைகளில் பால்கனியில் நின்று
ஒரு தண்டை மெல்லுகிறேன்.
கண்ணை மூடி அந்தச் சோப்பைத் தேடுகிறேன்.
அடிநாக்கில் ஏதோ கிட்டே வருகிறது,
கடிப்பதற்குள் நழுவிவிடுகிறது.

நேற்று அவர் வந்து பக்கத்தில் நின்றார்.
"உனக்கு அது எப்படி இருக்கும்?"

எலுமிச்சை, என்று தொடங்கினேன். இல்லை.
வெட்டிய புல். அதுவும் இல்லை.
தண்டு கையிலேயே இருந்தது.

அவரிடமாவது ஒரு சொல் இருந்தது.