ஒன்பது ரேகை

"இங்கிலீஷ் வில்லோ. ஒரு சீசன்தான் ஆடினது.
மாமா லண்டனிலயிருந்து கொண்டுவந்தவர்."
போனில் நாலு படம். இருபத்தெட்டாயிரம்.
விலையிலேயே எனக்கு விளங்கியிருக்க வேணும்.

ஒட்டுசுட்டானிலிருந்து பஸ்.
கச்சான் வித்த காசு
வலது கால்மேசுக்குள் வேர்த்துக்கொண்டு வந்தது.

மாங்குளம் சந்தியில் துவாரகன் நின்றான்,
துடுப்பை உரப்பையால் சுற்றிப் பிடித்தபடி.
தூக்கினேன். மழையில் கிடந்த விறகின் பாரம்.
ஸ்டிக்கரில் ஓர் எழுத்துக் குறைவு.
எந்த இடமென்று நான்தான் தொட்டுக் காட்டினேன்.
"அங்க அப்பிடித்தான் அடிக்கிறவை, அக்கா."

கொண்டுபோன பந்தால் தட்டினேன்.
கதவைத் தட்டினால் கேட்கும் சத்தம்,
உள்ளே ஆளில்லாத கதவு.

பிறகு பெருவிரலை நக்கி
முகத்தில் நேராய் ஓடிய ஒன்பது ரேகையில்
ஒன்றைத் தேய்த்தேன்.
ரேகை விரலோடு வந்துவிட்டது.

இரண்டுபேரும் என் விரலைப் பார்த்தோம்.
முல்லைத்தீவு பஸ் ஹோர்ன் அடித்தது.
"நானும் முப்பத்தஞ்சு குடுத்துத்தான் வாங்கினது.
மாமா எண்டு ஒருத்தரும் இல்லை."
அழுவான் என்று நினைத்தேன்.
அவன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு சோடா வாங்கித் தந்தான்.
ஏன் குடித்தேனென்று தெரியாது.
நல்ல குளிர்.

இரவு போனைத் திறந்தால்
அதே விளம்பரம், அதே மாமா,
விலை இரண்டாயிரம் கூட.
படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன்.
என் விரல் அழித்த இடத்தில்
புது ஸ்டிக்கர்.

இந்த முறை எழுத்தெல்லாம் சரி.