எண்ணெய்க் கணக்கு

முந்தி அது வலைக்கிடங்கு.
கூரைக் கொக்கிகளைக் கழற்றவில்லை,
ஒன்றில் மணியைத் தொங்கவிட்டோம்.
ஏழு தரம் கழுவியும் தரை ஈரமானால்
பழைய மீன்வாடை எழும்பும்.
அதைப்பற்றி அம்மன் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வந்து சேர்ந்தது ஒரு பெப்ரவரியில்.
ஒஸ்லோ சுங்கப் படிவத்தில்
'தோட்ட அலங்காரம், கருங்கல், ஒன்று.'
பாரந்தூக்கி ஓட்டும் கேதீஸ்வரன்தான் இறக்கினான்,
கொட் மீன் பெட்டிகளுக்கு ஒருநாளும் காட்டாத பக்குவத்தோடு,
மூச்சைப் பிடித்து.
அன்றிலிருந்து பூசையும் அவன்தான்.

நான் பொருளாளர்.
பகலில், அதாவது பகல் என்று கடிகாரம் சொல்லும்போது,
ஆலையில் முள் எடுக்கிறேன்.
எலுமிச்சை போட்டுக் கைகழுவி
முகர்ந்து பார்த்து
இன்னொருக்கால் கழுவித்தான்
கோயில் திறப்பைத் தொடுவேன்.

நவம்பர் கடைசியில் சூரியன் போனால்
பொங்கல் கழிந்துதான் திரும்பும்.
மார்கழி விடியற்பூசைக்கு
விடியலுக்கு எங்கே போவது?
சபை கூடி இரண்டு மணிநேரம் வாதாடியது.
"யாழ்ப்பாண நேரம்" என்றார் தலைவர் பரராசசிங்கம்.
"அப்ப இங்க சாமம் ஒண்டரை,
நான் இரவு வேலை" என்றாள் குமுதினி.
தீர்மானம் இப்படி முடிந்தது:
ஐந்தரைக்கு ஆலைச் சங்கு ஊதும்.
அதற்கு முந்தியது விடியல்.

அந்த வருஷம் மார்கழி பதினொன்றில் புயல்.
மலைப்பாதையை மூடிவிட்டார்கள்.
எங்கள் நல்லெண்ணெய் எங்கோ பனிக்குள்
ஒரு லொறியில் உறைந்து கிடந்தது.
மின்சாரமும் போனது.
கடையில் வெண்ணெய்கூட இல்லை,
நத்தார்ப் பலகாரம் எல்லாவற்றையும் தின்றுவிட்டது.
மூன்றாம் நாள் விளக்கில் ஒரு விரற்கடை.

அப்போது பக்கத்து வீட்டு யூருன் வந்தாள்,
மணிச்சத்தம் தாங்காமல் நகரசபைக்கு
இரண்டு கடிதம் எழுதினவள்.
முழங்கால் பனி. கையில் கறுத்த தகரக்குவளை.
கொட் ஈரலின் எண்ணெய்.
மின்கம்பி வரமுன்னம்
இந்தக் கரை முழுக்க இதில்தான் எரிந்தது என்றாள்.
சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினாள்.
காலுறையில் ஓட்டை.

தலைவர் எழும்பிவிட்டார்.
"சைவக் கோயில் இது. அம்மனுக்கு முன்னால மீனோ?"
முல்லைத்தீவுக்காரி குமுதினி மெல்லச் சொன்னாள்:
"எங்கட ஊர்க் கண்ணகைக்குக்
கடல்தண்ணியில விளக்கெரியும், ஐயா."
"அது தண்ணி, பிள்ளை. இது உயிர்."
"அந்தத் தண்ணியிலயும் உயிர்கள் கிடக்கு."

பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
யூருனுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் குவளையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

திரியை யார் நனைத்தது என்று சொல்லமாட்டேன்.
சபைக்குறிப்பிலும் அது இல்லை.
முதலில் புகை.
பிறகு நாங்கள் தினமும் கழுவிக் கழுவிப்
போக்குகிற அதே வாடை.
அப்புறம் தடித்த, மஞ்சளான,
அவசரமில்லாத ஒரு சுடர்.
அம்மனின் மூக்குத்தி அதைப் பிடித்துக்கொண்டது.

தலைவர் வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை.
பனியில் நின்று கும்பிட்டார்,
அல்லது குளிருக்குக் கையைத் தேய்த்தார்.
இருட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சங்கு ஊதியது.
விடிந்ததென்று வைத்துக்கொண்டு வேலைக்குப் போனோம்.

வருடக் கணக்கில் கணக்காய்வாளர் கேட்டார்:
மார்கழி பதினான்கிலிருந்து நாலு நாள்
எண்ணெய்ச் செலவு ஏன் இல்லை?
வரவுப் பக்கத்தில் எழுதினேன்:
'உபயம்: யூருன், எட்டாம் இலக்க வீடு.
அளவு: அரை லீற்றர்.'
பொருள் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.

தை பிறந்ததும் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது.
மணிச்சத்தம் பற்றி
எட்டாம் இலக்கத்தாரின் மூன்றாவது முறைப்பாடு.
உபயகாரர் பட்டியலுக்குப் பின்னால்
அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.