சேதாரம்

சாக்கு வரவில்லை என்று சொல்லிக்
கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர்
பூட்டிக்கொண்டு போய் ஒன்பது ராத்திரி.
உள்ளிக்கோட்டைச் சாலையோரம்
அம்பாரத்துக்கு ஓர் ஆள் என்று காவல்.
எனக்கு இடப்பக்கம் செங்கமலம்,
வலப்பக்கம் பைங்காநாட்டுச் சட்டநாதன்,
நடுவில் அவன் டிராக்டர்.
அதன் மட்கார்டில்
சணல் கயிற்றால் கட்டிய ரேடியோ.

வானிலை கேட்கத்தான் வைத்தோம்.
செல்லில் பார்க்கலாம்தான்,
சார்ஜ் போடும் பிளக்
பூட்டிய அறைக்குள் இருக்கிறது.

ஒன்பது மணிக்கு அந்தப் பெண்
சிரித்துக்கொண்டே கேட்டாள்:
"மழை வருமா, வராதா?
சின்ன இடைவேளைக்குப் பிறகு!"

இடைவேளையில்
கும்பகோணத்து நகைக்கடை வந்தது.
செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை.
தண்ணீர்த் தொட்டி வந்தது, ஐந்து அடுக்கோடு.
மூட்டுவலித் தைலம் வந்தது.
அது பலிக்காதவர்களுக்குப் போல
மூட்டு மாற்றும் ஆஸ்பத்திரி வந்தது.
புறவழிச்சாலைக்கு மிக அருகில்
காவிரித் தண்ணீரோடு வீட்டுமனை வந்தது.
(அந்த மனையில் போன தைக்கு முந்தின தையில்
கூலிக்குக் கதிர் அறுத்திருக்கிறேன்.)
மறுபடி நகைக்கடை.
இப்போது ஒரு குழந்தை அப்பாவிடம் கெஞ்சுகிறது.
செய்கூலி இல்லை. சேதாரம் இல்லை.

"இப்பத்தானேடி சொன்னே" என்றாள் செங்கமலம்
ரேடியோவைப் பார்த்து.

சட்டநாதன் எண்ணிக்கொண்டிருந்தான்.
எதையும் மரக்கால் கணக்கில்தான் எண்ணுவான்:
லாபம், ரெண்டு, மூணு…
பதினொன்றில் ஒரு பாட்டு தொடங்கியது.
பல்லவி முடிந்து, வயலின் ஏறி,
சரணத்துக்கு வாய் திறக்கும் இடத்தில்
குரல்வளையைப் பிடித்தாற்போல் நின்றது.
லாபம், என்றான் மறுபடி.

காசு கொடுத்தா கேட்கிறோம் என்று
நான்தான் நியாயம் பேசினேன்.
ஓசியில் வருவதற்குக் கோபம் என்ன?
அவள் ஒப்பவில்லை.
"ஓசியா? பேட்டரி நாலு, என் காசு.
காது ரெண்டு, என் காது.
அவன் கடைக்கு ஆள் சேர்க்க
நான் கூலியில்லாம உக்காந்திருக்கேன்.
செய்கூலி இல்லைன்னு
அதைத்தானே சொல்றான்?"

ஒருவழியாக வானிலை வந்தது.
அதற்கும் ஒரு முதலாளி இருந்தார்:
"இந்த அறிக்கையை உங்களுக்கு வழங்குவது
ஒழுகாத கூரைக்குப் பெயர்பெற்ற…"
அந்தப் பெயரை இரண்டாம் முறை சொல்கையில்
முதல் சொட்டு என் புறங்கையில்.

ஓடினோம்.
தார்ப்பாய் முனையைப் பிடித்து,
செங்கல் தேடி, செருப்பைத் தேடாமல்.
காற்று ஒரு பக்கம் தூக்க
செங்கமலம் அம்பாரத்தின் மேலேயே
இரண்டு கையையும் விரித்துக் கவிழ்ந்தாள்.
கயிற்றை இழுத்துக் கட்டும்போது
என் வாய் என்னைக் கேட்காமல்
தொட்டிப் பாட்டை முணுமுணுத்தது,
ஐந்து அடுக்கு, ஐந்து அடுக்கு என்று.
இருட்டில் வெட்கமாக இருந்தது.
அதற்குள் அந்தப் பெண்
"டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்" என்றாள்.
ஓரிரு இடத்தில் ஒன்று நாங்கள்.

மூன்று மணி இருக்கும், மழை விட்டது.
அந்த நேரத்தை யாரும்
விலைக்கு வாங்கவில்லை போலும்.
ஒரு பாட்டு தொடங்கி
சரணத்தைத் தாண்டி
இரண்டாவது சரணத்துக்கும் போனது.
அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.
வாத்தியங்கள் அவசரமில்லாமல் வந்து
அவசரமில்லாமல் போயின.
சட்டநாதன் எண்ணவில்லை.
வடிகாலில் தண்ணீர் ஓடியது.
தார்ப்பாய்க்குக் கீழிருந்து
நனைந்த நெல்லின் வாடை,
சூடாக, லேசான புளிப்போடு,
முளைக்க நினைக்கும் வாடை.

காலையில் எழுத்தர் வந்தார், சாக்கோடு.
கருவிக்குள் ஒரு பிடி நெல்லைப் போட்டு
"இருபத்திரண்டு" என்றார்.
"பதினேழு வரைக்கும்தான்.
காயப்போட்டு எடுத்துட்டு வாங்க."

"அப்ப சேதாரம்?" என்றாள் செங்கமலம்.
அவருக்கு விளங்கவில்லை.

டிராக்டரில் ரேடியோ
நன்றி சொல்லிக்கொண்டிருந்தது,
இரவு முழுக்க எங்கும் போகாமல்
அவர்களோடு இணைந்திருந்ததற்கு.