பிரிவு ஒன்று

அந்த மசோதாவைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
கேசோன் நகரம், மூன்றாம் மாடி, ஜூலை மழை.
ஃபேன் காற்றில் தாள் பறக்காமலிருக்க
ஸ்டேப்ளரை மேலே வைத்துக்கொண்டு அடித்தேன்:
கன்லுபாஸ் கிராமத்தில்
அரசுத் தொழிற்கல்வி, தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி
இதனால் நிறுவப்படுகிறது.

இந்த 'இதனால்' இருக்கிறதே,
அதற்கு எவ்வளவு துணிச்சல்.
ஒரு செங்கல் கிடையாது.
நிறுவியாயிற்று.

மூன்று வாசிப்பு. ஆட்சேபம் இல்லை.
கையெழுத்தாகி, காபியும் குடித்து முடித்த பிறகு
சாமார் தீவிலிருந்து ஒரு கடிதம்.
எபிஃபானியா லகுர்தா, கிராமச் செயலர்:
"நிலம் தந்தது கன்லிபாஸ், அம்மா. நாங்கள்.
கன்லுபாஸ் ஆற்றுக்கு அக்கரை.
பதினோரு வீடு, ஒரு சண்டைச்சேவல் பண்ணை."

விசைப்பலகையில் யூவும் ஐயும்
பக்கத்துப் பக்கத்து வீடு.

சட்டம் சொன்ன இடத்துக்குத்தான் பணம் போகும்.
வெல்டிங் மிஷின் சேவல் கொட்டகையில் இறங்கியது.
கன்லிபாஸ் பிள்ளைகள்
வெல்டிங் முகமூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
படகேறினார்கள். மழைக்கும் அது ஆயிற்று.

திருத்த மசோதா என் மேசைக்கு வர நான்கு வருடம்.
இந்த முறை அடிக்கோல் வைத்து, எழுத்தெழுத்தாக.
பாதியில் இன்னொரு கடிதம்.
பதினோரு வீட்டாரின் ஒப்பம், ஓரத்தில் கிரீஸ் கறை:
"எங்கள் பிள்ளைகளும் இப்போது படிக்கிறார்கள்.
இரு கரையின் படகு எஞ்சின்களும் இங்கேதான் பழுது பார்க்கிறோம்.
பிழையைத் திருத்தப் போகிறீர்களாமே.
எந்தப் பிழையை?"

மணி ஐந்து.
எல்லோரும் குடை எடுக்கிறார்கள்.
யூவுக்கும் ஐக்கும் நடுவே
என் விரல்.